குரல் கொடுக்காத வெடி

பேயாண்டி வீட்டுத் துப்பாக்கி அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு உயிரையும் எடுத்ததில்லை. அது துப்பாக்கிக்குக் குறை என்று அவர் நினைத்தார். வந்த வினையெல்லாம் அந்த நினைப்பில் வந்ததுதான்.

நாகமலைக்கு மேற்கே, மலை இறங்கித் தரையாகும் இடத்தில் அவருடைய புஞ்சை. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் காலத்தில் பன்றிகள் குடும்பத்தோடு விருந்துக்கு வரும். அவற்றை விரட்டத்தான் அவர் அப்பா லைசென்ஸ் எடுத்து அந்தத் துப்பாக்கியை வாங்கினார். கம்பம் பக்கத்தில் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப் போன சாமான்களில் ஒன்று. ஒற்றைக்குழல். குழாய் வாயில் மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, ஒரு முறை சுட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்பாவும் சரி, பேயாண்டியும் சரி, மருந்துக்கு மேல் பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்து, வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். சத்தம் மலையில் மோதித் திரும்பி வரும். பன்றிகள் ஓடும். மறுநாளும் வரும், அது வேறு கதை.

சுடுவதற்கு முன்னால் குரல் கொடுப்பது அப்பா காலத்து வழக்கம். கிணறு வெட்டுகிறவர்கள் பாறைக்கு வெடி வைக்கும்போது கத்துவார்களே, அந்த மாதிரி. “வெடி... வெடி...” என்று இவர் கூவ வேண்டும். பக்கத்துப் புஞ்சையில் இருப்பவர் அதைக் கேட்டு, “போடுங்கண்ணே” என்று எதிர்க்குரல் கொடுக்க வேண்டும். பதில் வராமல் விரல் வைக்கக் கூடாது. ஆள் இல்லை என்று தெரிந்தாலும் கூவிவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பல வருஷமாக அந்த எதிர்க்குரல் கருப்புவுடையது. கருப்புவின் அப்பா, பேயாண்டியின் அப்பாவிடம் கூலிக்கு ஏர் பிடித்தவர். கருப்பு மதுரையில் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போய், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, பேயாண்டி புஞ்சைக்கு ஒட்டினாற்போலவே ஒரு ஏக்கர் வாங்கினார். வாங்கியபோது பேயாண்டியின் பங்காளிகளில் சிலருக்கு முகம் கோணியது. பேயாண்டிக்குக் கோணவில்லை. தன் மோட்டாரிலிருந்து தண்ணீர் விட்டார். ஒரே வரப்பில் உட்கார்ந்து ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டார்கள். ஊரில் அப்படி இரண்டு பேரைப் பார்ப்பது அரிது, அதில் பேயாண்டிக்கு உள்ளூர ஒரு கர்வமும் உண்டு.

கருப்புவின் மகள் தமிழ்வாணி விளாங்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். அவள் அங்கே ரோட்டோரத்தில் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வந்து அப்பாவிடம் விட்டாள். பெட்டை. மைக்கறுப்பு. ராணி என்று பெயர் வைத்தாள். ராணிக்கு ரெண்டு வீட்டிலும் சோறு. பேயாண்டி “வெடி” என்று கூவிய மறு நொடி எங்கே இருந்தாலும் ஓடி வந்து மோட்டார் ரூமில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். சத்தம் அடங்கி ஒரு பீடி குடிக்கிற நேரம் கழித்துத்தான் மூக்கை வெளியே நீட்டும். அதைப் பார்த்து இருவரும் சிரிக்காத நாள் இல்லை.

இப்படிச் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் பேயாண்டிதான். ஆனால் ஊதச் சொல்லி உசுப்பிவிட்டவன் ஜெயபாண்டி. அண்ணன் மகன், வாய்த்துடுக்கு. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கியைத் தேர்தல் முடிந்து வாங்கி வந்த அன்று, டீக்கடையில் நாலு பேர் நடுவில் அவன் சொன்னான்: “சித்தப்பா, இத காதுகுத்துக்கு வாடகைக்கு விடுங்க. வேட்டுச் செலவு மிச்சம்.” கடையே சிரித்தது. கருப்புவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பேயாண்டி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அன்றைக்கு மதியம் மோட்டார் ரூமில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சமாதானப்படுத்த வந்த கருப்பு செல்போன் டார்ச்சைக் குழாயின் வாயில் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை. குழாயின் உள்சுவரில், திருகாணியில் இருப்பது போல, புரி ஓடியது. மூன்று தலைமுறைக் கரி அதை மூடியிருந்தது. குண்டைச் சுழற்றி நேராக அனுப்புவதற்காகவே யாரோ மெனக்கெட்டு இழைத்த ரைபிள் அது. அதில் இவர்கள் இத்தனை காலமும் பேப்பரை அடைத்து வானத்தைச் சுட்டிருக்கிறார்கள். பேயாண்டிக்கு ஏமாந்துவிட்டது போல ஆத்திரமாக வந்தது.

அந்தக் கோடை முழுவதும் இருவருக்கும் அதுதான் வேலை. தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் இறங்கி, உயரமான கரைமேட்டில் தானியம் புடைக்கும் ஓட்டைச் சுளகு ஒன்றைக் கட்டி, நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தார்கள். செக்கானூரணி பஞ்சர் கடையில் கார் சக்கரத்தில் ஒட்டும் ஈயக்கட்டிகளை வாங்கி உருக்கி, இரும்பு அச்சில் வார்த்தார்கள். அந்த ஈயம் கடினம், குண்டு புரியில் பிடிக்கவில்லை. பிறகு மீன்வலையில் கோர்க்கிற ஈயத்தை வாங்கி வார்த்தார்கள். அது பதமாக இருந்தது. குண்டுக்குள் காற்று அடைத்திருந்தால் எடை குறையும் என்று கண்டுகொண்டபின், பேயாண்டியின் மனைவி சீனியம்மாள் மல்லிகை நிறுக்கும் தராசில் ஒவ்வொரு குண்டையும் வைத்துப் பார்த்தார்கள். எடை இளைத்தது திரும்பக் கரண்டிக்குப் போனது. குழம்புக் கரண்டி போனதற்காகச் சீனியம்மாள் புருஷனை ஒரு வாரம் விடாமல் திட்டினாள்.

அப்படியும் குண்டு சுளகுக்கு வலத்தே ஒன்று, இடத்தே ஒன்று என்று கரையைத்தான் துளைத்தது. ராணி மட்டும் அவர்கள் கூவும்போதெல்லாம் ஓடிப் போய் ஒளிந்து, திரும்பி வந்து, மறுபடி ஓடி அலுத்துப் போனது.

விஷயம் துணியில் இருந்தது. குண்டு குழாயை விடச் சற்றுச் சின்னது. எண்ணெயில் நனைத்த ஒரு வட்டத் துணியில் அதைப் பொதிந்துதான் இறக்க வேண்டும். துணிதான் புரியைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றுகிறது. சுட்டதும் துணி குழாய்க்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் விழும். அதைப் பொறுக்கி வந்து பார்த்தால் உள்ளே நடந்தது தெரியும். இதைக் கண்டுபிடித்தவர் கருப்புதான். அதனால் துணி பொறுக்குவது அவர் பொறுப்பானது. சுட்டதும் போய்க் குனிந்து எடுத்து, உள்ளங்கையில் விரித்து, ஜாதகம் பார்ப்பவர் போலப் பலன் சொல்வார். வேட்டித் துணி நடுவில் பொசுங்கி ஓட்டையாகியிருந்தது. மருந்தைக் குறைத்தார்கள். ஜீன்ஸ் துணி தடித்துப் போய் உள்ளே இறங்கவே இல்லை. தேங்காயெண்ணெய் தீய்ந்தது, விளக்கெண்ணெயில் தேன்மெழுகு கலந்தது நின்றது.

கடைசியில் சீனியம்மாளின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று வந்தது. கத்தரிப்பூ நிறம், வெள்ளைப் புள்ளி. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன நூல்துணி. அதில் வட்டம் வெட்டிச் சுட்ட முதல் குண்டு சுண்ணாம்புப் பொட்டின் ஓரத்தைத் தொட்டது. அடுத்ததும் அதற்குப் பக்கத்திலேயே. கருப்பு துணியை எடுத்து வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“கிழியலண்ணே. ஓரம் மட்டும் லேசாக் கருகியிருக்கு. நல்ல சூடு.”

அன்று பேயாண்டி கருப்புவைத் தோளோடு அணைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பன்றி விரட்ட மருந்தும் பேப்பரும், கண்மாய்க்குள் பொட்டைச் சுட குண்டும் சுங்குடியும் என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள். பன்றி மேல் குண்டு போட வனத்துறையில் கேட்க வேண்டும், அந்த வம்பே வேண்டாம் என்று கருப்பு கறாராகச் சொல்லிவிட்டார். பேயாண்டி தலையாட்டினார். தலைதான் ஆடியது. மனசுக்குள் ஜெயபாண்டியின் சிரிப்பு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கார்த்திகை மாதம். கதிர் முற்றியிருந்தது. கருப்புவும் அவர் மனைவியும் டி. கல்லுப்பட்டியில் ஒரு வளைகாப்புக்குப் போனார்கள். போகும்போது, ராணியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம் பேயாண்டி அதற்குச் சோறு வைத்தார். தின்றுவிட்டுக் கட்டிலடியில் படுத்தது.

வெளிச்சம் மசங்குகிற நேரத்தில், வரப்பில் நின்றிருந்த பேயாண்டிக்குக் கருப்புவின் புஞ்சையில் நாலாவது சாலில் மக்காச்சோளத் தட்டை அசைவது தெரிந்தது. காற்று இல்லை. கறுப்பாக ஒரு முதுகு. அவர் கையிலிருந்த துப்பாக்கியில் அன்று பேப்பர் இல்லை. காலையிலேயே குண்டு இறக்கி வைத்திருந்தார். ஒரே ஒரு பன்றியைச் சாய்த்து, டீக்கடை வாசலில் போட்டால் போதும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

குரல் கொடுத்தால் பன்றி ஓடிவிடும். கொடுக்கவில்லை.

துப்பாக்கி சொன்ன பேச்சைக் கேட்டது. பழைய பேயாண்டியாக இருந்தால் அந்தத் தூரத்தில் ஒரு யானையைக்கூடத் தவறவிட்டிருப்பார். இப்போது பார்த்த இடத்தில் பட்டது. ஓடிப் போய்த் தட்டையை விலக்கினார். ராணி கிடந்தது. வலிக்கக்கூட நேரம் இருந்திருக்காது. அதைச் சொல்லியே பிறகு பல நாள் அவர் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார், தேறவில்லை.

அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், கண்மாய்க் கரைக்கு அடியில், கோடையில் சுட்ட குண்டுகள் புதைந்து கிடந்த, இன்னும் தண்ணீர் ஏறாத அதே மேட்டோரத்தில் குழி தோண்டினார். மண்ணைத் தள்ளும்போதே செல்போன் அடித்தது. கருப்பு பஸ் ஏறிவிட்டாராம். ராணி சாப்பிட்டதா என்று கேட்டார்.

“சாப்ட்டுச்சுப்பா.”

பொய் இல்லை. மதியம் சாப்பிட்டதுதானே. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு உண்மைக்குள் திரும்பி வர வழி இல்லாமல் போனது.

மறுநாள் கருப்புவோடு சேர்ந்து பேயாண்டியும் ராணியைத் தேடினார். மலையடிவாரம், செங்கல் சூளை, ஓடை எல்லாம் போனார்கள். கருப்பு ஒவ்வொரு புதர் முன்னாலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூடவே இவரும் கூப்பிட்டார். கூப்பிடும்போது தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது. சாயங்காலம் வெடிச்சத்தம் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். பன்றி விரட்டப் பேப்பர் போட்டுச் சுட்டேன், சத்தத்தில் மிரண்டு ஓடியிருக்கும் என்றார். குரல் கொடுத்தால் கட்டிலடிக்குத்தானே வரும், எதற்கு மலைப்பக்கம் ஓடுகிறது என்று கருப்பு தனக்குத் தானே யோசித்தார். பேயாண்டி வேறு பக்கம் பார்த்தார்.

தமிழ்வாணி லீவு போட்டு வந்தாள். ராணியின் போட்டோவை வாட்சப்பில் ஊரெல்லாம் அனுப்பினாள். பேயாண்டி வீட்டுக்கும் வந்து, பெரியப்பா, நீங்கள் கடைசியாக எந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்தார். சீனியம்மாள் காபியோடு வந்தாள். வாய் மூடிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். மறைப்பது சுலபம், அந்தச் சோற்றை உண்பதுதான் கஷ்டம் என்று அவருக்கு அன்று தெரிந்தது.

நாய் கிடைக்காத கோபம் எங்கேயாவது போய்ப் பாய வேண்டும் அல்லவா. ஜெயபாண்டி தன் புஞ்சைக்குத் திருட்டு கரண்ட் வேலி போடுகிறான் என்று ஊருக்கே தெரியும். ராணி அதில் மாட்டிச் செத்திருக்கும், அவன் எடுத்து வீசியிருப்பான் என்று கருப்பு முடிவு கட்டினார். டீக்கடையில் வைத்துக் கேட்டுவிட்டார். ஜெயபாண்டி திமிராகப் பதில் சொல்ல, கருப்பு அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

நாய் விஷயம் அன்றோடு மறைந்து, சட்டை விஷயம் ஆகிவிட்டது. ஒரு நாய்க்காக நம்ம ஆள் சட்டையைப் பிடிப்பதா, நிலம் வாங்கிவிட்டால் கை நீளுமோ என்று பேயாண்டியின் பங்காளிகள் மந்தைத் திடலில் கூடினார்கள். முன்காலம் போலத் துண்டை இடுப்பில் கட்டச் சொல்லவில்லை. போலீஸ், கேஸ் என்ற பயம் அவர்களுக்கும் உண்டு. ஆனால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், கருப்பு நின்றார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பேயாண்டியும் சொல்லவில்லை. அவர் இரண்டாவது வரிசையில் வேப்பமரத்தோரம் உட்கார்ந்து தரையைக் கீறிக்கொண்டிருந்தார்.

கருப்பு ஒரு முறை அவரைப் பார்த்தார். அண்ணன் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்த பார்வை. பிறகு எதிரே இருந்தவர்களைப் பார்த்து, “தப்புத்தான். கோவத்துல கை பட்டுருச்சு. மன்னிச்சுக்கங்க” என்றார். கூட்டம் கலைந்தது.

அன்றிரவு பேயாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. சீனியம்மாள் எதையும் கேட்கவில்லை. மண்வெட்டி கழுவி வைத்திருந்ததையும் ஒரு துண்டு குறைந்ததையும் அவள் எப்போதோ பார்த்திருந்தாள். தட்டை எடுக்கும்போது மட்டும், “எறங்கலைன்னா போயிச் சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க” என்றாள். நாளைக்கு என்று நினைத்துப் படுத்தார். அந்த நாளைக்கு வரவே இல்லை.

கருப்பு மார்கழிப் பிறப்பில் கதிர் ஒடித்து முடித்துத் தட்டை அறுத்தார். ஒரு காலையில் பேயாண்டி மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது வரப்பு வழியே வந்து முன்னால் நின்றார். அறுவாள் இடுப்பில் இருந்தது. உள்ளங்கையை விரித்தார்.

கத்தரிப்பூ நிறம், வெள்ளைப் புள்ளி. அறுத்த தட்டைக்கு அடியில் கிடந்து, மழையில் நனைந்து காய்ந்து விறைத்திருந்தது.

துணி பொறுக்குவது எப்போதும் கருப்புவின் வேலை. குழி தோண்டியவருக்கு, ரத்தம் பட்ட துண்டை எரித்தவருக்கு, இது ஒன்று நினைவில் வரவே இல்லை.

கருப்பு கோடையில் செய்தது போலவே துணியை விரலால் நீவிப் பிரித்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். குரல் உயரவில்லை.

“கிழியலண்ணே. ஓரம் மட்டும் லேசாக் கருகியிருக்கு. நல்ல சூடுதான்.”

பேயாண்டி எதையோ சொல்ல வாயெடுத்தார். கருப்பு கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். குரல் குடுத்தீங்களா?”

“குடுக்கல.”

“குடுத்திருந்தா கட்டிலுக்கு வந்திருக்கும்.” துணியைத் திரும்ப மடித்தார். “நாயக்கூட விடுங்கண்ணே. கைப்பிசகு. அன்னைக்கு மந்தையில நான் நின்னேன்ல, அப்பவாச்சும் குரல் குடுத்திருக்கலாம்.”

துணியைப் பேயாண்டியின் கையில் வைத்துவிட்டு வந்த வழியே போனார். எங்கே புதைத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. பேயாண்டிதான் பின்னாலேயே போய், கண்மாய்க் கரையில் அந்த இடத்தைச் சொன்னார். கருப்பு திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் அசைத்தார்.

அன்றே பேயாண்டி டீக்கடைக்குப் போனார். மந்தையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள், ஜெயபாண்டியும் இருந்தான். பேயாண்டி பெஞ்சில் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நாயைச் சுட்டதும், புதைத்ததும், கருப்பு மன்னிப்புக் கேட்டபோது தெரிந்தே வாய் மூடி இருந்ததும் எல்லாம் தான்தான். கூட்டத்தைத் திரும்பக் கூட்டுங்கள், கருப்புவை உட்கார வையுங்கள், நான் நிற்கிறேன் என்றார்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஜெயபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. “அந்தக் குழாய்ல குறி வச்சு அடிச்சீங்களா சித்தப்பா?” என்று மெச்சிக்கொண்டான். முடிந்துபோன பஞ்சாயத்தை யாராவது கிளறுவார்களா, நாய் செத்ததற்கு மனுசன் நிற்பானா, உட்காருங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். டீ வந்தது. அது ஆடை கட்டி ஆறும்வரை பேயாண்டி நின்றுகொண்டே இருந்தார். அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் பன்றிகள் இறங்கின. கருப்புவின் புஞ்சை அறுப்பு முடிந்து வெறும் அடித்தட்டையாகக் கிடந்தது. பேயாண்டியின் மக்காச்சோளம் மட்டும் ஒடிக்காமல் நின்றது. அவருக்கு எதிலும் கை ஓடாமல் போட்டு வைத்திருந்தார். தட்டைகள் சடசடவென்று முறியும் சத்தம் கேட்டது. துப்பாக்கியை எடுத்து மருந்தைக் கொட்டினார். பேப்பரைச் சுருட்டி இடித்தார். வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“வெடி... வெடி...”

கருப்பு பக்கத்துப் புஞ்சையில்தான் இருந்தார். தட்டைக் கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். குரல் அவருக்குக் கேட்டது. கை ஒரு கணம் நின்றது, பேயாண்டி அதைப் பார்த்தார். பிறகு அடுத்த கட்டைத் தூக்கினார்.

பேயாண்டி இன்னொரு முறை கூவினார். இந்த முறை குரல் உடைந்தது. பதில் வராமல் விரல் வைக்கக் கூடாது என்பது வழக்கம். ஒரு தடவை மீறியாகிவிட்டது. இரண்டாம் தடவை மீற அவருக்குத் தெம்பு இல்லை. கருப்பு கடைசிக் கட்டையும் அடுக்கிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்தார்.

பேயாண்டி துப்பாக்கியை வானத்துக்குப் பிடித்தபடி வரப்பில் நின்றுகொண்டே இருந்தார். பன்றிகள் அவசரமில்லாமல் ஒரு சால் முடித்து அடுத்த சாலுக்குப் போயின.